சாம்பிளாகப் போன கிட்வாய் நகர்

1. சிடி திறக்கவில்லை

சஃபாரி சூட் போட்ட ஒருவர் என் அறைக்குள் வந்து மேசைமேல் ஒரு சிடியை வைத்தார். "சார், இது திறக்கவே மாட்டேங்குது. காசு கொடுத்து வாங்கினது. மாத்திக் கொடுங்க" என்றார் இந்தியில். சிடியின் மேல் எங்கள் துறையின் பெயரும் 'டெண்டர் சாம்பிள்' என்ற எழுத்தும் இருந்தன. டெண்டருக்கு வந்த கம்பெனிக்காரர் என்று நினைத்து உட்காரச் சொன்னேன்.

"எந்த சாஃப்ட்வேர் கம்பெனி?"

"சாஃப்ட்வேரா? அதெல்லாம் இல்லை சார். நாங்க கல்யாண விசாரணை பண்றவங்க. மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்கா, பொண்ணுக்கு மூளைக்கோளாறு இருக்கான்னு பார்த்துச் சொல்லுவோம். இத்தனை நாளா ஒவ்வொரு கம்பவுண்டரா பிடிச்சுக் கேட்டுக்கிட்டிருந்தோம். பெரிய தலைவலி. இப்ப சர்க்காரே மொத்தமா சிடியில விக்குதுன்னு கேள்விப்பட்டேன். பஹுத் அச்சா ஸ்கீம் ஹை."

மத்திய அரசில் நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில், எங்கள் துறையின் திட்டம் ஒன்றைப் பொதுமக்களில் ஒருவர் மனதாரப் பாராட்டியது அன்றுதான். "சிடியில கோளாறு இருக்கு, வேற தர்றேன்" என்று சொல்லி அதை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். எப்போது வரலாம் என்று கேட்டார். அரசாங்கத்தில் எல்லாக் கேள்விக்கும் உள்ள பதிலையே சொன்னேன்: "மெஷின் ரிப்பேர். அடுத்த வாரம் பாருங்க."

2. சரக்கு உங்களுடையது, பூட்டு எங்களுடையது

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. மத்திய அரசு ஊழியர்களுக்கு டிஸ்பென்சரி நடத்தும் ஒரு துறையில் நான் சிஸ்டம் அனலிஸ்ட். கோயம்புத்தூர்க்காரன், குடியிருப்பு டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ். யார் வந்தார், என்ன வியாதி, என்ன மாத்திரை என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருந்த காலம். அதை ஏற்றிக்கொண்டிருந்தது கபூர் என்பவருடைய கம்பெனி. தீபாவளிக்குத் தவறாமல் முந்திரிப் பெட்டியும், மற்ற நாட்களில் தவறாமல் பில்லும் அனுப்புவார்.

கான்ட்ராக்ட் முடியும் நேரம் வந்தது. வேறு கம்பெனிகளும் வரட்டும் என்று பேச்சு கிளம்பியவுடன் கபூர் மிகவும் பணிவாகச் சொன்னார்: "தாராளமா வரட்டும் சார். டேட்டா உங்களுது. ஃபார்மேட் எங்களுது."

அதாவது நோயாளிகளின் விவரம் முழுக்க எங்களுக்குச் சொந்தம். அதைத் திறந்து படிக்க உதவும் ரீடர் புரோகிராம் மட்டும் அவருக்குச் சொந்தம். வேறு யார் டெண்டரில் ஜெயித்தாலும் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக டைப் அடிக்க வேண்டியதுதான். இப்படியொரு நிலைமையில் போட்டி என்று பெயர் வைத்து டெண்டர் விடுவதற்குப் பதிலாக, கபூருக்கே இன்னொரு முந்திரிப் பெட்டி நாங்கள் அனுப்பியிருக்கலாம்.

எங்கள் டைரக்டர் மல்ஹோத்ரா அப்போதுதான் வெளிநாட்டில் ஒரு பயிற்சியை முடித்துத் திரும்பியிருந்தார். போகும்போது நல்ல மனிதர். வரும்போது 'லெவல் பிளேயிங் ஃபீல்டு', அதாவது எல்லாருக்கும் சமமான ஆடுகளம், என்ற தொடரைக் கொண்டுவந்துவிட்டார். கேன்டீனில் சமோசா தீர்ந்துபோனால்கூட அதைச் சொல்வார். கபூரின் பிடியை உடைக்க வேண்டும் என்று அவர் நினைத்தது நியாயம்தான், அதை மறுக்க மாட்டேன். உடைத்த முறைதான் கொஞ்சம் அரசாங்கத்தனமாகப் போய்விட்டது.

"போட்டிக்கு வர்ற எல்லாருக்கும் டேட்டா சாம்பிள் கொடுக்கணும். கபூர் மட்டும் பார்த்திருக்கான், மத்தவன் பார்க்கலேன்னா அது என்ன ஃபீல்டு?" என்றார்.

"கொடுக்கலாம் சார். பேரு, விலாசம், வியாதி எல்லாத்தையும் மாத்தி டம்மி டேட்டாவா தயார் பண்ணிடறேன்" என்றேன்.

அந்த 'டம்மி' என்ற சொல்லை நான் உச்சரித்திருக்கவே கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. "டம்மியா? சர்க்கார் போலி சாம்பிள் கொடுத்துச்சுன்னு நாளைக்கு ஆடிட்ல எழுதினா நீ பதில் சொல்வியா?" என்று கேட்டுவிட்டு, கொள்முதல் விதிகளை வரவழைத்தார். அதில் திரைச்சீலை வாங்குவதைப் பற்றி மிகத் தெளிவாகச் சொல்லியிருந்தது. சாம்பிள் என்பது அசல் சரக்கிலிருந்தே வெட்டி எடுக்கப்பட வேண்டும், சீல் வைக்கப்பட வேண்டும், டெண்டர் படிவம் வாங்கும் எவரும் பார்க்கக் கிடைக்க வேண்டும். திரைச்சீலைக்குப் பொருந்துவது மனிதர்களுக்குப் பொருந்தாது என்று விதியில் எங்குமே சொல்லவில்லை. ஆகவே பொருந்தும் என்று முடிவாகியது.

வேண்டாம் என்று நான் ஃபைலில் நோட்டிங் எழுதினேன். அதன் கீழே அவர் 'டிஸ்கஸ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரசு அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நீ பேசினாய், நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

அடுத்து, எந்த டிஸ்பென்சரியிலிருந்து வெட்டுவது என்ற கேள்வி. முதலில் பங்களாக்கள் இருக்கும் பகுதியின் டிஸ்பென்சரியைச் சொன்னேன். அங்கே பதிவுகள் சுத்தமாக இருக்கும். மல்ஹோத்ரா பதறிப்போனார். "நோ, நோ. அது சென்சிடிவ். சீனியர் ஆபீசர்கள் எல்லாம் அங்கேதான் மருந்து வாங்கறாங்க."

அவர் குடியிருப்பதும் அங்கேதான். சர்க்கரை வியாதியும் மூலமும் ஒரு குறிப்பிட்ட சம்பள விகிதத்துக்கு மேல் போனால் சென்சிடிவ் ஆகிவிடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பிறகு அவரே கிட்வாய் நகர்க்காரர்கள் மருந்து வாங்கும் டிஸ்பென்சரியைத் தேர்ந்தெடுத்தார். கிளார்க்குகள், செக்‌ஷன் ஆபீசர்கள், அவர்கள் குடும்பங்கள். "நல்ல வெரைட்டி இருக்கும்" என்றார். துணிக்கடையில் பேசுகிற மாதிரியே இருந்தது.

கபூர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் வெட்டிக் கொடுத்தார். எந்த ஃபார்மேட்டில் கொடுக்க வேண்டும் என்று எங்கள் உத்தரவில் எழுதவில்லை என்பதால், தன்னுடைய பூட்டிய ஃபார்மேட்டிலேயே கொடுத்தார். அப்படித்தான் கிட்வாய் நகரின் வியாதிகள் மொத்தமும், யாராலும் திறக்க முடியாத சிடியாக, கவுன்ட்டரில் டெண்டர் படிவத்தோடு விற்பனைக்கு வந்தன.

3. கோமதி மேடம் லீவிலிருந்து வந்தார்

எங்கள் கொள்முதல் செக்‌ஷனின் ஆபீசர் கோமதி மேடம், திருநெல்வேலிக்காரர். விதி எண்ணைச் சொல்லியே ஆட்களை அழவைக்கக்கூடியவர். அவர் இருந்திருந்தால் திரைச்சீலை விஷயம் இந்த அளவுக்கு வந்திருக்காது. ஆனால் அவர் நீண்ட விடுப்பில் இருந்தார். ஊரில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று அலுவலகத்தில் பேச்சு.

கல்யாண விசாரணைக்காரர் வந்துபோன அன்றுதான் அவரும் வேலைக்குத் திரும்பியிருந்தார். நான் நேராக அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எந்த டிஸ்பென்சரி சார்?"

சொன்னேன்.

"அப்பம் அதுல எம் பேரும் கெடக்கா?"

அவர் இருப்பது கிட்வாய் நகர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இருக்குமுங்க மேடம்" என்றேன். எதற்காகக் கேட்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தனியாகப் பேச வேண்டும் என்றார். சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்துக் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று யோசனை சொன்னேன். "நல்ல எடம் பாத்திய. சாம்பாருக்காக டெல்லித் தமிழாள் அம்புட்டு பேரும் அங்கனதான் இருப்பாவ. அதுக்கு மைக் போட்டே சொல்லிரலாம்" என்றார். கடைசியில் பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் பேசினோம். டில்லி பஸ் ஸ்டாப்பில் யாரும் யார் பேசுவதையும் கேட்க மாட்டார்கள், எல்லோரும் பஸ்ஸைத் துரத்துவதற்குத் தயாராக நிற்பார்கள்.

"மாமியாருக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான். மனசு சரியில்லாமப் போயிட்டு. எந்திரிக்க முடியாது, பேச முடியாது, பச்சத்தண்ணி உள்ள எறங்காது. டாக்டர் மாத்திர குடுத்தாரு. இப்பம் தேவலை. ஆனா மாத்திரய நிறுத்தக்கூடாதுன்னுட்டாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பிரமோஷன் பேனல்ல எம் பேரு இருக்கு. இது தெரிஞ்சா என்ன சொல்லுவாவன்னு உங்களுக்கே தெரியும்லா?"

தெரியும். எங்கள் காரிடாரில் அதற்கு ஒரே ஒரு சொல்தான் புழக்கத்தில் இருந்தது. பாகல். பைத்தியம்.

"பயப்படாதீங்க மேடம். சிடி பூட்டியிருக்குது. கபூரோட ரீடர் இல்லாம எவனாலயும் படிக்க முடியாதுங்க" என்று தைரியம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. எந்தப் பூட்டை உடைக்க இத்தனை பாடுபட்டோமோ, அந்தப் பூட்டு ஒன்றுதான் அன்றைக்கு இவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

4. அந்தரங்கத்தின் காவலர் கபூர்

பூட்டுக்கு ஆயுள் அதிகமில்லை. சிடி வாங்கிய கம்பெனிகள் எல்லாம் ஒருசேரக் கத்தின. திறக்காத சாம்பிளைக் கொடுத்துவிட்டுப் போட்டி என்கிறீர்களே என்று கேட்டன. கேள்வி நியாயமானது. மல்ஹோத்ரா உடனே ரீடர் புரோகிராமை எல்லாருக்கும் கொடுக்க உத்தரவு தயாரிக்கச் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கூட்டம் வைத்தார். அவர், நிதிப் பிரிவிலிருந்து ஒருவர், கோமதி மேடம், நான், ரீடரை ஒப்படைக்க வேண்டிய கபூர். டீ கொடுக்க ராம்பல்.

கபூர் ஒரு புது மனிதராக வந்திருந்தார். இத்தனை வருஷம் நோயாளிகளைப் பற்றி ஒரு சொல் பேசாதவருக்கு அன்று குரல் தழுதழுத்தது. "சார், இதுல ஏழைப் பெண்களோட வியாதி இருக்கு. அவங்க மானம் இருக்கு. ரீடரைக் கொடுத்தா எல்லாம் வெளியே போயிடும். என் மனசாட்சி இடம் கொடுக்கல. டெண்டரை ரத்து பண்ணிட்டு, பழைய கான்ட்ராக்டையே நீட்டிச்சா யாருக்கும் ஆபத்தில்லை."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியத்தைத் தவிர ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் சங்கடம். சரியான விஷயம் தவறான வாயிலிருந்து வந்தால் அதைக் கையில் எடுப்பதற்கே ஆள் கிடைக்காது.

கோமதி மேடம் எடுத்தார். "சார், ரீடரைக் கொடுக்கறதுக்கு முன்னாடி வித்த சிடிகளைத் திரும்ப வாங்கணும்" என்று ஆரம்பித்தார். மல்ஹோத்ரா கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், நீங்களும் கபூர் பேச்சையே பேசறீங்களே? என்ன விஷயம்?"

டில்லி அலுவலகத்தில் 'என்ன விஷயம்' என்பதற்கு 'எவ்வளவு வாங்கினாய்' என்று பொருள். நிதிப் பிரிவுக்காரர் டீயைப் பார்த்துச் சிரித்தார். கபூர் வேறு, மேடத்தைத் தன் கட்சி ஆளாகவே நினைத்து நன்றியோடு தலையாட்டினார். நான் குறுக்கிட்டு டம்மி டேட்டாவைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். "அது டிஸ்கஸ்டு" என்றார் மல்ஹோத்ரா.

கோமதி மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு வாய்த்த, சற்றே திருநெல்வேலி கலந்த இந்தியில் கேட்டார். "சார், பங்களா டிஸ்பென்சரியை வேண்டாம்னு சொன்னப்போ நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களாம். சென்சிடிவ்னு. அந்த வார்த்தையைத்தான் கிட்வாய் நகருக்கும் கேக்கறேன்."

"அது வேற மேடம். அங்கே சீனியர் ஆபீசர்ஸ். கிட்வாய் நகர்ல யார் இருக்கா, சென்சிடிவா?"

"மை ஹூம், சார்" என்றார் கோமதி மேடம். நான் இருக்கிறேன்.

பிறகு தன் மாத்திரையின் பெயரைச் சொன்னார். எதற்காக அதைச் சாப்பிடுகிறார் என்று சொன்னார். விடுப்பு எடுத்தது எதனால் என்று சொன்னார். பட்ஜெட் ஒதுக்கீட்டை வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். கடைசியில், "கபூர்கிட்ட நான் எதுவும் வாங்கலை. இதை மறைக்கத்தான் பார்த்தேன். இப்போ மறைக்கவும் ஒண்ணுமில்லை" என்றார்.

ராம்பல் டீ டிரேயைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கக் குனிந்து ஃபைலைப் புரட்டினேன். கபூரின் மனசாட்சி மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

கோமதி மேடம் தான் தயாரித்து வந்த தாளை டைரக்டர் முன்னால் நகர்த்தினார். டெண்டர் திருத்த அறிவிப்பு. கொள்முதல் விதியின்படி, சாம்பிள் குறையுள்ளது என்று தெரிந்தால் கொடுத்த எல்லாரிடமிருந்தும் திரும்பப் பெற்று, வேறு சாம்பிள் தர வேண்டும். திருப்பித் தராதவர் டெண்டரில் கலந்துகொள்ள முடியாது. யாரும் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, சரக்கில்தான் குறை. புது சிடியில் கற்பனைப் பெயர்கள், ரீடர் புரோகிராம் எல்லாருக்கும். போட்டிக்கு வருகிறவனுக்குத் தெரிய வேண்டியது பெட்டி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அல்ல.

'டம்மி' என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. 'மாற்று சாம்பிள்' என்றிருந்தது. மல்ஹோத்ரா இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "திஸ் ஈஸ் வாட் ஐ வாஸ் சேயிங்" என்றார்.

5. மினிட்ஸும் காரிடாரும்

கம்பெனிகள் சிடிகளைத் திருப்பிக் கொடுத்தன. கல்யாண விசாரணைக்காரருடையது ஏற்கெனவே என் டிராயரில் இருந்தது. அவர் மட்டும் வாராவாரம் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்கும் ஒரு மாற்று சாம்பிள் கொடுத்தனுப்பினேன். நான் கற்பனை செய்த மாப்பிள்ளைகளை அவர் எந்தெந்தத் தெருவில் தேடினாரோ தெரியாது.

புது கான்ட்ராக்ட் வேறொரு கம்பெனிக்குப் போனது. ஃபார்மேட் அரசுக்கே சொந்தம், எந்தக் கம்பெனியும் அதைப் பூட்டக்கூடாது என்று முதல் ஷரத்து. பெயர் தனியாக, வியாதி தனியாக இருக்க வேண்டும், டாக்டரைத் தவிர யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடாது என்று இரண்டாவது ஷரத்து. அப்போது இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. இந்த இரண்டு வரியும் ஒரு பெண் தன் மானத்தைப் பணயம் வைத்து வாங்கியவை. கபூர் அடுத்த தீபாவளிக்கு முந்திரி அனுப்பவில்லை. அவர் மனசாட்சியும் வேறு துறைக்கு மாற்றலாகிப் போனதாகக் கேள்வி.

கூட்டத்தின் மினிட்ஸில் கோமதி மேடத்தின் பேச்சு ஒரு வரி. 'விரிவான விவாதத்துக்குப் பின் முடிவு செய்யப்பட்டது.' அவர் ரகசியம் காப்பாற்றப்பட்ட ஒரே இடம் அதுதான். மற்றபடி அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ராம்பலைச் சொல்லிப் பயனில்லை, நிதிப் பிரிவுக்காரர் அவனைவிட வேகமானவர்.

எல்லோரும் அவரிடம் திடீரென்று அன்பாகிவிட்டார்கள். "என்ன சார், எங்கிட்ட எல்லாரும் நிறுத்தி நிறுத்தி, சத்தமா பேசுதாவ? எனக்குக் காது நல்லாத்தான கேக்கு?" என்று என்னிடம் கேட்டார். அந்த வருஷப் பேனலில் அவருக்குப் பிரமோஷன் வரவில்லை. காரணம் எங்கும் எழுதப்படவில்லை. அடுத்ததில் வந்தது. அவருடைய மேசையில் ஃபைல் ஒருநாளும் தேங்கியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். யாராவது 'வெறும் டேட்டாதானே' என்று உங்களிடம் சொன்னால், முதல் வரிசையில் அவர் பெயரையும் அவர் வியாதியையும் டைப் அடித்துத் திரையில் காட்டுங்கள். நான் ரிடையர் ஆகும்வரை ஒவ்வொரு டெமோவிலும் முதல் வரிசையில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் மூலம் என்று போடுவேன். பார்க்கிறவர்கள் நெளிவார்கள். நெளிந்தால் சரி, பாடம் ஏறுகிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு ஆளுக்கு ஏறியது நாலு வருஷத்தில் இறங்காது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஏனென்றால், சில வருஷம் கழித்துக் கோமதி மேடத்துக்குப் பிரிவுபசார விழா நடந்தது. ஓய்வு பெற்றுவிட்ட மல்ஹோத்ராவைத் தலைமை தாங்க அழைத்திருந்தோம். ஹால் நிறைய ஆட்கள். முன்வரிசையில் கோமதி மேடத்தின் கணவர், புதிதாகக் கல்யாணமான மகள், மருமகன், சம்பந்தி வீட்டார். மல்ஹோத்ரா மைக்கைப் பிடித்து உண்மையான பாசத்தோடு பேசினார். நாட்டிலேயே நோயாளிகளின் ரகசியத்தைக் காக்க வழிகாட்டியவர் இந்தப் பெண்மணி என்றார். அதுவும் எப்படிப்பட்ட நிலையில் என்று கேட்டுவிட்டு, இவருக்கே மனநோய் இருந்தது, தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இத்தனையும் செய்தார் என்று, அந்த மாத்திரையின் பெயரையும் மறக்காமல் சொன்னார். ஞாபகசக்தி அபாரம். எல்லோரும் கை தட்டினார்கள். சம்பந்தியம்மாள் மட்டும் தட்டாமல் தன் புது மருமகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மேடையில் என் பக்கத்து நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்த கோமதி மேடம், சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியளா சார்? ரீடர் புரோகிராம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."